ஞானப்பிரகாசம் அண்ணனின் வலது குழல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இடுப்பில் ஒரு துண்டு, தலை நிறைய சீயக்காய், கையில் குளியலறைக் குழாயின் கைப்பிடி. இந்தக் கோலத்தில் நான் பக்கத்து வீட்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தேன்.

குழாய் சொட்டுகிறது என்று முந்தின நாள் என் மனைவி சொல்லியிருந்தாள். என் வீரத்தையெல்லாம் காட்டி இறுக்கினேன். சொட்டுவது நின்றது. மறுநாள் திறக்கத்தான் முடியவில்லை. தலையில் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டபின் தண்ணீர் வராவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். கைப்பிடி தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாக, "மாணிக்கம் சார், உங்களுக்கு போன். அவசரமாம்" என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்படியே ஓடினேன்.

ஞானப்பிரகாசம் அண்ணனின் மகள் ஸ்டெல்லாதான் பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என் காலடியில் சீயக்காய்த் தண்ணீர் குளம் கட்டியிருந்ததும், அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் துணி எடுத்து வந்ததும் நினைவிருக்கிறது. கையிலிருந்த குழாய்க் கைப்பிடியைப் பார்த்தேன். அண்ணன் இருந்திருந்தால் அதைப் பார்த்து என்ன கேட்டிருப்பார் என்பது காதில் விழுந்தது. "இறுக்குறதுல உனக்கு இன்னாப்பா அவ்ளோ கோவம்?"

நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று வங்கி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு என்னைக் கைவிட்டது; தமிழ் மட்டும் பாவம் பார்த்தது. அந்தத் தமிழை நம்பி எழுதுகிறேன். அண்ணனைத் தெரிந்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும். தெரியாதவர்கள் இனிமேலாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞானப்பிரகாசம் அண்ணன் தாம்பரத்துக்காரர். ராணுவத்தில் பணி முடித்து வந்து, எண்பதுகளின் நடுவில் குரோம்பேட்டையில் நான் கடைநிலை ஊழியனாக இருந்த சிறிய கூட்டுறவு வங்கியில் காவலராகச் சேர்ந்தார். சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ். அப்போதெல்லாம் துப்பாக்கியோடு வருகிறவருக்குத்தான் அந்த வேலை. பழைய காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி அது. யாரோ ஒரு துரை வைத்திருந்து, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்தது.

ஆள் அடக்கமானவர் என்று பொய் சொல்ல மாட்டேன். மீசைக்குத் தனியாக ஒரு சீப்பு வைத்திருந்தார். வாசல் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தால் ஜி.எஸ்.டி. ரோடே தம் காவலில் இருப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். பணம் எடுக்க வருகிறவர்கள் சும்மா இருக்காமல், "அதுல குண்டு கீதா சும்மாவா?" என்று கேட்பார்கள். "சேவிங்ஸ் அக்கவுண்ட் ஒண்ணு ஓபன் பண்ணு, சொல்றேன்" என்பார். அப்படியும் சிலர் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு வருடங்களில் வங்கி வாசலில் அவர் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் வருடம் ஒரு முறை போலீஸ் சுடுதளத்துக்குப் போய், இரண்டு குழலிலும் சுட்டுக் காட்டிச் சான்று வாங்கி வர வேண்டும். சான்று இருந்தால்தான் அடுத்த வருடத்துக்கு வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். அந்த வருடத்துச் சுடு பயிற்சி வருகிற நேரம். வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வலது குழலுக்குரிய அடி ஊசியின் நுனி முறிந்திருப்பதை அண்ணன் பார்த்துவிட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விசையை இழுத்தால் ஓர் ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். அந்தக் குத்தில்தான் தோட்டா வெடிக்கும். ஊசி முறிந்தால் அந்தக் குழல் வெறும் ஊதுகுழல்.

ஊசியை மாற்றுவது பெரிய வேலை இல்லை. அதை வெளியே எடுப்பதில்தான் சிக்கல். குழலின் பின்வாய் வந்து பொருந்தும் இரும்பு முகத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்ட வில்லை மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். ஊசி அதற்குப் பின்னால் இருக்கும். வில்லையில் எதிரும் புதிருமாக இரண்டு சின்னத் துளைகள். அதில் முள்ளை மாட்டித் திருகித்தான் கழற்ற வேண்டும். அந்தத் துரை காலத்தில் இறுக்கியதை அதன்பிறகு யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. துரு பிடித்து, வில்லையும் இரும்பும் ஒரே உலோகமாகிவிட்டிருந்தன.

மவுண்ட் ரோடு பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வராது சார். ஓட்டை போட்டுப் பேத்துதான் எடுக்கணும். புதுசா வில்லை செய்ய மாசக்கணக்குல ஆகும். அதுவும் உடைஞ்சா என் தலையில கட்டக்கூடாது. வில்லையை எப்படியாவது கழட்டிக் கொண்டாங்க, ஊசி நான் அன்னிக்கே போட்டுத் தர்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வங்கிக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்திருந்த சமயம் அது. தனியார் ஏஜென்சியிலிருந்து காவலர்களை வைக்கலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்டெல்லா அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அந்தப் படிப்பும் நடுவில் நிற்கும். நான் அண்ணனிடம், "இந்த விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்ணா" என்றேன்.

அண்ணன் நேராகச் செயலாளர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் காலி டம்ளர் எடுக்கப்போகிறவன்போல் போனேன்.

"சார், என் துப்பாக்கியில வலது குழல் வேலை செய்யல. சரி பண்ண ஒரு வாரம் லீவு வேணும்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "பயிற்சி அன்னிக்கு ரெண்டு குழலும் வெடிக்கணும், ஞானப்பிரகாசம். இல்லன்னா நான் ஏஜென்சிக்காரங்களைக் கூப்பிட்டுடுவேன்."

"நீங்களே வந்து பாக்கணும் சார்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணா, உங்களுக்கு மூளை கீளை கழண்டுடுச்சா? சும்மா இருந்தவரை வேற வந்து பார்க்கச் சொல்றீங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலை தாம்பரத்தில் அவர் வீட்டில், துப்பாக்கியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வில்லை உள்ள நடு இரும்பை மட்டும் தனியே எடுத்தார். முள்ளுக்கு என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, எனக்கு ஒரு மேதாவித்தனமான எண்ணம் உதித்தது. என் மகள் கலாவின் ஜாமெட்ரி பாக்ஸ். அதில் டிவைடர் என்று இரண்டு கால் உள்ள ஒரு சாமான் இருக்கிறது அல்லவா? இரண்டு துளைக்கு இரண்டு கால். கணக்கு எனக்கு உதவுகிற நேரம் கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், அண்ணன் தடுப்பதற்குள் துளைகளில் ஊன்றி ஒரு திருகு திருகினேன். டிவைடர் நமஸ்காரம் செய்தது. ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே. வில்லையில் ஒரு கீறல் மட்டும் மிச்சம்.

"ஏம்பா, இது துப்பாக்கிப்பா. முக்கோணம் இல்ல" என்றார் அண்ணன்.

வீட்டில் கலா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வளைந்த டிவைடரை மேசையில் வைத்து, "நாளன்னிக்கு எனக்குக் கணக்குப் பரீட்சைப்பா. நீங்க எழுதறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தோற்ற பரம்பரையைச் சேர்ந்தவன் நான்.

அண்ணனின் வழி வேறு. கத்திரி தொடங்கும் முன்பே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தினமும் பதினோரு மணி வாக்கில் அந்த இரும்பை மொட்டை மாடிக்குக் கொண்டு போவார். அங்கே அவர் மனைவி, மேரி அக்கா, வேட்டி விரித்து வடாம் காயப்போட்டிருப்பார். வடாத்துக்கு நடுவில் துப்பாக்கி இரும்பு. தொட்டால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறியதும், வில்லையின் ஓரத்தில் மண்ணெண்ணெய் கலந்த மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணி சுற்றி ஆற வைப்பார். "சூட்டுல விரியும், ஆறும்போது சுருங்கும். சுருங்குறப்ப எண்ணெயை உள்ள உறிஞ்சும். நம்ம அவசரம் அதுக்குத் தெரியக்கூடாது" என்பார்.

துப்பாக்கிப் பாகத்தைத் தனியே விட்டுவிட்டு நகரக்கூடாது என்பது அவர் சட்டம். எனவே வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு காவல் உட்கார்ந்திருப்பார். காகம் வந்தால் விரட்டுவார். தெருவில் இருந்தவர்கள் அவர் வடாத்துக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், "மில்டிரிக்காரரை அந்தம்மா இன்னா பாடு படுத்துது பாரு" என்று என்னிடமே வருத்தப்பட்டார். மேரி அக்காவுக்கு அந்த வருடம் ஒரு வடாம்கூட காகம் தின்னாமல் கிடைத்தது. "இன்னும் ஒரு வாரம் அது கழலாம இருக்கட்டும் மாணிக்கம். கருவடாம் பாக்கி கீது" என்றார்.

அந்த வாரம் வங்கி வாசலில் அவர் ஸ்டூலில் செயலாளர் என்னை உட்கார வைத்தார். ஆயுதம், ஒரு மூங்கில் தடி. வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்துக் கேட்டதை எல்லாம் நினைவு மலரில் எழுத முடியாது.

லீவு முடிகிற சமயத்தில், நடு இரும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பம்மலில் ரஹீம் பாய் பட்டறைக்குப் போனோம். ரஹீம் பாய் அண்ணனுக்குப் பழைய சிநேகிதர். இருவரும் பார்த்த உடனே திட்டிக்கொண்டால்தான் பேச்சே தொடங்கும்.

"இன்னா தலீவரே, வடாம் நல்லா காஞ்சிதா?"

"உனக்கும் சொல்லிட்டாங்களா?"

"பம்மலுக்கே தெரியும். இப்ப இன்னா, நெருப்பு காட்டி ஒரே அடில எடுத்துரலாமா?"

"நெருப்பு காட்டினா இரும்போட பதம் போயிடும். உன் வாயை மூடிக்கினு நான் சொல்றதைச் செய்."

அண்ணன் சொன்னபடி பாய் ஒரு தடித்த போல்ட்டை எடுத்தார். அதன் அடி முகத்தில் இரண்டு துளை போட்டு, கடினமான இரும்புக் கம்பித் துண்டு இரண்டை அறைந்து முள்ளாக்கினார். வில்லையில் வைத்துப் பார்த்தார்கள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. நடு இரும்பின் இரு பக்கமும் தோல் துண்டு வைத்து இடுக்கியில் பிடித்தார்கள். தோல் பதனிடும் பம்மலில் தோலுக்கா பஞ்சம்? துளை போடும் மெஷினுக்கு அடியில் அதை நிறுத்தி, போல்ட்டின் தலைமேல் மெஷினின் மூக்கு வந்து அழுத்துகிற மாதிரி வைத்தார்கள். மெஷின் ஓடக்கூடாது, அழுத்தினால் மட்டும் போதும். பாய் பிளக்கையே பிடுங்கி என் கையில் கொடுத்தார். முள் துளையைவிட்டு எகிறாமல் இருக்க யாராவது மெஷினின் கைப்பிடியை முழுப் பலத்தோடு கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை அல்ல, வயிற்றை.

"மாணிக்கம், தொங்குப்பா" என்றார் அண்ணன்.

தொங்கினேன். என் எடைக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் மரியாதை.

ரஹீம் பாய் ஸ்பேனரை மாட்டிக் கழற்றும் பக்கம் கையை வைத்தார். அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் இல்ல. மொதல்ல இறுக்கணும்."

"இறுக்கறதா? கழட்டத்தானே வந்துகீறோம்?"

"இத்தினி வருஷமா இறுகியே கெடந்தது. எடுத்த எடுப்புல கழட்டப் பாத்தா முறுக்கிக்கும். அதுக்குப் பழக்கமான பக்கமே ஒரு நூல் அளவு தள்ளு. துரு அங்கதான் விட்டுக் குடுக்கும்."

"எதுனா ஒடஞ்சிச்சின்னா நான் பொறுப்பில்ல."

"நான் பொறுப்பு. இப்படிக் குடு."

அண்ணன் ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது, மாதாவைக் கூப்பிட்டிருப்பார். இறுக்கும் பக்கமாகக் கையைச் சீராக அழுத்தினார். வெடுக்கென்று இழுக்கவில்லை, குலுக்கவில்லை. நான் தொங்கிக்கொண்டே முருகனைக் கூப்பிட்டேன். ரஹீம் பாயும் சும்மா இருந்திருக்க மாட்டார்.

டிக் என்றது.

விரலைச் சொடுக்கினால் வருகிற சத்தம்தான். முள் முறிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணன் கண்ணைத் திறந்தார். ஸ்பேனரை எதிர்ப்பக்கம் மாற்றி மாட்டினார். அழுத்தினார். அது நகர்ந்தது. வில்லையைச் சுற்றி ஒரு துளி எண்ணெய், துருநிறத்தில், வியர்வை மாதிரி வெளியே வந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. பிறகு விரலாலேயே திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே மரை நேற்றுப் போட்டதுபோல் பளபளத்தது. ரஹீம் பாய் அதைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றார். உடனே மானம் நினைவுக்கு வந்து, "நான்தான் கரெக்டா முள்ளு போட்டேன், அதான் வந்துச்சு" என்றார். இல்லை, என் தொப்பையால்தான் என்று நான் சொன்னேன். அண்ணன் எங்கள் இருவருக்கும் பாயா வாங்கிக் கொடுத்தார்.

மவுண்ட் ரோடு கடைக்காரர் தாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றைக்கே புது ஊசி போட்டார். வில்லையைத் திரும்ப மாட்டும்போது மட்டும் அண்ணன் யார் கையிலும் கொடுக்கவில்லை. மரையில் துளி கிரீஸ் தடவி, திருகி, கைக்கு இறுக்கம் தட்டியதும் நிறுத்திக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கண்ணா" என்றேன்.

"போதும்பா. நாளைக்கு ஒருத்தன் இதைக் கழட்டணும்."

பயிற்சி நாளில் செயலாளர் உண்மையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. நான் அண்ணனுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதிகாரி, "குழலுக்கு ஒண்ணு சுடுங்க" என்றார்.

அண்ணன் இடது குழலில் சுட்டார். அது எப்போதும்போல் வெடித்தது. பிறகு வலது. விசையில் விரலை வைத்துவிட்டு ஒரு விநாடி நிறுத்தினார் பாருங்கள், அந்த விநாடியில் என் மனக்கண்ணில் வடாம், டிவைடர், ஸ்டெல்லா, மூங்கில் தடி எல்லாம் வந்து போயின.

டமார்.

இலக்கு அட்டையின் நடுவில் ஒரு கை அளவுக்குக் காணாமல் போயிருந்தது. நான் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டேன். அதிகாரி எழுதப் பேனாவை எடுத்தார். அண்ணன் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

"சார், வலதுல இன்னொண்ணு சுடுறேன். செயலாளர் சார் இவ்ளோ தூரம் வந்துகீறார்."

இன்னொரு தோட்டாவைப் போட்டார். மறுபடியும் டமார். அட்டையில் மிச்சமிருந்ததும் போயிற்று. செயலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிரித்தும்விட்டார். "சரி ஞானப்பிரகாசம். நாளைக்கு டூட்டிக்கு வாங்க" என்றார்.

செயலாளரை அண்ணன் ஏன் வரச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வில்லையைப் போலவே அவரையும் முதலில் ஒரு நூல் இறுக்கியிருக்கிறார்.

திரும்பி வரும்போது குரோம்பேட்டையில் இறங்கினோம். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு அண்ணன் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குள் போனார். புது டிவைடர் ஒன்றை வாங்கி, நேராக என் வீட்டுக்கு வந்து கலாவிடம் கொடுத்தார். பரீட்சை முடிந்திருந்தது, அவள் இரவல் டிவைடரில் எழுதிச் சமாளித்திருந்தாள். "மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுகீறேன் கண்ணு. உங்கப்பன் கண்ணுல காட்டாத" என்றார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். என்னிடம் பேச மேலும் ஒரு நாள் ஆனது.

அதன்பிறகு வயது வரம்பு வரும் வரைக்கும் அந்த ஸ்டூல் அவருடையதாகவே இருந்தது. ஸ்டெல்லா படித்து முடித்து வெள்ளை உடுப்போடு வங்கிக்குள் வந்து எங்களுக்கு இனிப்பு கொடுத்த அன்று, அண்ணன் ஸ்டூலில் உட்காரவே இல்லை. நாள் முழுக்க நின்றார்.

ஓய்வுபெற்றதும் துப்பாக்கியை அந்த மவுண்ட் ரோடு கடைக்கே முறைப்படி விற்றுவிட்டார். கொடுப்பதற்கு முன் இரண்டு வில்லைகளையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். "விக்கப்போற பொருளுக்கு எதுக்குண்ணா இந்தப் பாடு?" என்றேன்.

"வாங்குறவன் கை நம்ம கை மாதிரிதானேப்பா?" என்றார்.

திங்கட்கிழமை தாம்பரத்தில் அவரை அடக்கம் செய்தோம். மேரி அக்கா பெட்டிக்குள் அந்த மீசைச் சீப்பை வைத்தார். ரஹீம் பாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன். செயலாளரும் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கடைசி நாளில் இவர் எழுந்து வருவார் என்று பாதிரியார் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நெற்றியில் விபூதியோடு நானும் சொன்னேன். அண்ணன் வருவதாகச் சொன்னால் வருவார். மீசையைச் சீவிக்கொண்டுதான் வருவார். போய் வாருங்கள் அண்ணா என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு மூடியைப் போட்டார்கள். ஓர் ஆள் திருப்புளியோடு குனிந்து, மூலைக்கு ஒரு திருகாணியாக முடுக்கத் தொடங்கினார். கடைசித் திருகாணியில் உடம்பின் முழுப் பலத்தையும் போட்டுத் திருகினார். மரம் கிறீச்சிட்டது. அவர் தோளைத் தொடக் கை நீட்டிவிட்டேன். சுற்றிலும் அழுகிறவர்கள். கையை மடக்கிக்கொண்டேன். தொண்டை வரைக்கும் வந்ததைச் சொல்லவில்லை:

"போதும்பா, ரொம்ப இறுக்காத. நாளைக்கு அவர் கழட்டணும்."